ஞாயிற்றுக்கிழமை அக்கானி

பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சீசன் தொடங்கிவிட்டால் பாளையைத் தினமும் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவின இடம் காய்ந்து அக்கானி குறையும். தொடர்ந்து விட்டால் அந்தப் பாளை அந்த வருஷத்துக்குப் போனதுதான். பதநீரைத்தான் எங்கள் பக்கம் அக்கானி என்போம். மரத்திலிருந்து இறங்கின சில மணி நேரத்துக்குள் அது அடுப்பில் ஏறிவிட வேண்டும். கலயத்தில் தடவின சுண்ணாம்பு புளிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆக, பனையேறுகிறவனுக்கு ஓய்வுநாள் என்று ஒன்று தொழிலிலேயே இல்லை. என் பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, 33 வருஷம் பனையேறினார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்ற கட்டளையையும் எழுத்துக்கு எழுத்து நம்பினார். அவருடைய 93 வருஷத்து வாழ்க்கையை எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் நான் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன். அதனால் இங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

அவர் பிறந்தது கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-இல். "99 வெள்ளம் கழிஞ்சு ரெண்டாம் வருஷம்" என்பார். 1924-இல் திருவிதாங்கூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தை அந்தத் தலைமுறை அப்படித்தான் சொல்லும்; கொல்லம் கணக்கில் அது 1099. ஊர் விளவங்கோடு தாலுகாவில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். அப்போது அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. சர்க்கார் காகிதமெல்லாம் மலையாளம், வீட்டில் தமிழ், சபையிலும் தமிழ்.

சபை என்றால் லண்டன் மிஷன் சபை. மயிலாடி வேதமாணிக்கம் அழைத்து 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து தொடங்கும் வரலாறு அது. தலைவரியும் கூலியில்லா ஊழியமும் வாட்டியெடுத்த ஜனங்களுக்கு அந்தச் சபை எழுத்தைக் கொடுத்தது, ஆஸ்பத்திரியைக் கொடுத்தது. பெண்கள் மேலாடை அணிவதற்காக நடந்த நீண்ட போராட்டத்தில் கூட நின்றது. 1859-இல் அரசு அறிவிப்பு வரும்வரை நடந்த அந்தக் கலகங்களின் கதைகளைப் பாட்டாவின் பாட்டி, தன் அம்மா வாயால் கேட்டு வளர்ந்தவள். பாட்டா சபைக்குப் போகும்போது மட்டும் வெளுத்து மடித்த வேட்டியும் சட்டையும் போடாமல் படியிறங்க மாட்டார். வயலுக்கோ சந்தைக்கோ துண்டோடு போகிற மனிதர்தான். அந்த வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் அந்தப் பாட்டி சொன்ன கதைகள் இருந்தன என்றுதான் நான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்திருக்கிறார். 1939-இல் அவருடைய அப்பா பனையிலிருந்து விழுந்தார். கட்டிலில் வைத்துச் சுமந்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எவரெஸ்ட் ஏற வந்துவிட்டு, நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்ட சோமர்வெல் டாக்டரின் காலம் அது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இருந்தவர் அவர். பாட்டாவின் அப்பாவுக்கு உயிர் மிஞ்சியது, கால் சரியாகவில்லை. 13 வயதில் பாட்டா புத்தகத்தை வைத்துவிட்டு அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டார். நாலு வருஷத்துக்குள் யுத்தத்தால் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூரே பசியில் கிடந்தது. அந்த நாட்களில் மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்குதான், வீட்டைக் காப்பாற்றியதாகச் சொல்வார். ராத்திரி மரச்சீனியும் காந்தாரி மிளகாயும், காலையில் மிச்ச மரச்சீனி. அதற்கும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சபையிலிருந்த பனையேறிகளில் பலர் சீசன் மாதங்களில் ஆராதனைக்கு வராமலே இருந்துவிடுவார்கள். சிலர் வந்து பாதியில் எழுந்து போவார்கள். ஐயர்மாரும் கண்டும் காணாமல் விட்டார்கள்; சபைப் போதகரைத்தான் எங்கள் பக்கம் ஐயர் என்போம். 1948-இல் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்ததும் பாட்டா தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னே ஏறிப் பாளையைச் சீவிவிடுவார். பாளை பட்டுப்போகாமல் இருக்க அது போதும். சாயந்திரம் ஏற மாட்டார். காலையில் இறக்கின அக்கானியை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். குடத்தோடு சபை முற்றத்து மாமரத்தடியில் இறக்கி வைப்பார். ஆராதனை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிப்பார்கள். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் வரிசையில் நிற்கும். மிஞ்சினால் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

இதில் பாட்டி சொல்லித்தான் எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. அக்கானி வீட்டுக்கு வந்தால் அதைக் காய்ச்ச வேண்டியது அவள். விறகு பொறுக்கி, அடுப்புப் புகையில் மணிக்கணக்கில் நின்று, பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது முழுக்கப் பெண்கள் வேலை. ஆண் மரத்திலிருந்து இறங்கின பிறகுதான் அவளுக்கு வேலை தொடங்கும். "எனக்க ஓய்வுநாளுக்கும் சேத்துத்தான் அவரு குடத்த அங்க கொண்டு வச்சாரு" என்பாள். ஊரில் எத்தனையோ பக்திமான்கள் இருந்தார்கள். வீட்டுக்காரியின் ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் எடுத்தவர்கள் அபூர்வம்.

வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு இப்படிப் போனது. மீதி ஆறு நாள் வருமானத்தில் சபைக்குப் பத்தில் ஒன்றான தசமபாகம் தனி. ஐந்து பிள்ளைகள் வீட்டில்.

மரமேறுவதே வேலைதானே, அதையும் விட்டுவிட வேண்டியதுதானே என்று சபைக் கமிட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். பாட்டா சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: "ஓய்வுநாளுல மாடு கெணத்துல விழுந்தா தூக்கி விடலாம்னு ஏசு சொல்லியிருக்காருல்லா? பாளையும் அப்பிடித்தான். சாவ விடப்படாது. ஆனா அந்த மாட்ட வச்சு அண்ணைக்கு உழவு அடிக்கப்படாது."

திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப் போராடின எல்லைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதை எழுதினவர்கள் நிறைய உண்டு. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடினவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஊர்வலங்களில் பாட்டாவும் போனவர்தான், அன்றைக்கு மட்டும் பனையில் இருந்தார். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாட்டாவின் ஒரே தங்கையைப் பாறசாலைக்கு அப்பால், அந்தத் தாலுகாவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நடந்தே போய் வரக்கூடிய தூரம் வேறு மாநிலமாகிவிட்டது. அவள் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படித்து மலையாள வேதப்புஸ்தகம் வாசித்தார்கள். பாட்டாவுக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்பதால் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை.

1960-களில் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. இங்கிருந்து அரிசி கொண்டுபோகத் தடை. எல்லை ஊர்க்காரர்கள் வயிற்றில் கட்டியும் கூடையின் அடியில் ஒளித்தும் கடத்துவார்கள்; ஊரில் யாரும் அதைக் குற்றமாகவே நினைத்ததில்லை. பாட்டா தங்கைக்கு ஒரு படி அரிசிகூட அப்படிக் கொண்டுபோகவில்லை. சட்டத்தை மீறினால் பொய் சொல்ல வேண்டி வரும் என்பது அவர் காரணம். உணக்கின மரச்சீனியும் கருப்பட்டியும் சுமந்துகொண்டு போனார். மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பசித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோவதைக் கர்த்தர் பாவமாக எண்ணியிருப்பாரா? நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டாவிடம் இதை ஒருமுறை கேட்டேன். "அண்ணைக்கு எனக்க மனசாட்சிக்கு அவ்வளவுதான் வெளிச்சம்" என்றார்.

அவரை ஊர் நினைவில் வைத்திருப்பது இதற்காக இல்லை, தம்பியோடு வந்த வழித்தகராறுக்காக. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவன் புரையிடத்துக்கு, அதாவது வீட்டு மனைக்கு, பின்னால் இன்னொருவன் வீடு. நடுவே போகிற வழி யாருடையது, எத்தனை அடி என்பதில் ரத்தம் பார்த்த குடும்பங்கள் உண்டு. பாட்டாவின் வீடு முன்னால். சின்னப் பாட்டாவின் வீடு பின்னால். பாகப் பத்திரத்தில் மூன்றடி வழி. 1966-இல் எல்லையில் நின்ற சக்கை மரத்தை, அதாவது பலா மரத்தை, சின்னப் பாட்டா தடி வியாபாரிக்கு விற்றுவிட்டார். அது தன் பங்கு மரம் என்று பாட்டா சொன்னார். வெட்டின தடியை வண்டியில் ஏற்ற மூன்றடி போதாது என்று சின்னப் பாட்டா வேலியைப் பிரித்தார். மறுநாளே பாட்டா திரும்பக் கட்டினார். ஒரு மாதத்துக்குள் விஷயம் குழித்துறை முன்சீப் கோர்ட்டுக்குப் போய்விட்டது. பாட்டாவின் கோபம் சாதாரணக் கோபமில்லை. சக்கை மரம் அவர் அப்பா நட்டது.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; ஏசுவை நினைத்து அப்பமும் ரசமும் எடுக்கிற ஆராதனை. வரிசை வரிசையாக எழுந்துபோய்க் கிராதி முன்னால் முழங்காலிடுவார்கள். அன்று பாட்டா எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. டீக்கனாக இருந்தவர் அவர், அந்தப் பொறுப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டார். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஏசு சொல்வார்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு, பிறகு வா. பிரசங்கத்தில் ஆயிரம் தடவை கேட்ட வசனம்தான். ஊரில் வழக்கு நடத்திக்கொண்டே திருவிருந்தில் பங்கெடுத்தவர்கள் எத்தனையோ பேர். பாட்டாவால் முடியவில்லை. தம்பியை மன்னிக்கவும் மனம் வரவில்லை, மன்னிக்காமல் அப்பத்தில் கை நீட்டவும் மனம் வரவில்லை.

நாலு வருஷம் இப்படிப் போனது. ஒவ்வொரு முதல் ஞாயிறும் முழுச் சபையும் எழுந்துபோக, அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுவன் என் அப்பா. "பாட்டா கையில கீர்த்தனப் புஸ்தகம் இருக்கும். பக்கம் திருப்ப மாட்டாரு" என்று அப்பா சொல்வார். ஐயர் வீட்டுக்கு வந்து, "கோர்ட் கோர்ட்டோட இருக்கட்டும், நீர் வந்து எடும்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பாட்டா கட்டன்சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். பெருமை, வீம்பு என்று ஊர் பேசியது. அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எல்லாரும் பார்க்க நாலு வருஷம் தன்னைத் தகுதியில்லாதவனாக உட்காரவைத்துக்கொள்ள வெறும் வீம்பு போதாது.

1970-இல் தீர்ப்பு வந்தது. வழி மூன்றடிதான், மரமும் பாட்டாவுடையது என்று முடிவானது. செலவுத் தொகையும் அவருக்கே. தீர்ப்புக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். அடுத்த சனிக்கிழமை சாயந்திரம், பனையிலிருந்து இறங்கிக் கைகால் கழுவி, வேலிக் கம்புகளைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிடுங்கியதைத் தன் பக்கமாக மூன்றடி உள்ளே தள்ளி நட்டார். வழி ஆறடியாயிற்று. பிறகு தம்பி வீட்டு முற்றத்தில் போய் நின்று கூப்பிட்டார்: "லேய், நாளைக்கு திருவிருந்தாக்கும். நீயும் வா."

சின்னப் பாட்டா வெளியே வரவில்லை. ஆனால் காலையில் சபைக்கு வந்தார். இரண்டு பேரும் ஒரே வரிசையில் முழங்காலிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆளுக்கொரு வரிசையில்தான் போனார்கள். பேச்சுவார்த்தை சீராக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அதுவும் பாட்டிகள் இரண்டு பேரும் குழம்பு கொடுத்து வாங்கி மெல்ல மெல்லக் கொண்டுவந்தது. 2011-இல் சின்னப் பாட்டாவின் சவப்பெட்டி அந்த ஆறடி வழியாகத்தான் போனது. பெட்டியின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமிருந்தது.

தீர்ப்பு எதிராக வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வென்ற பிறகு கொடுத்ததால்தான் அது தம்பிக்கும் தாங்க முடிந்ததாக இருந்தது என்று அப்பா சொல்வார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

அப்புறம் ரப்பர் வந்தது. 1964-இல் நட்ட கன்றுகள் ஏழு வருஷம் கழித்துப் பால்வெட்டுக்கு வந்தன. 1972-இல் பாட்டா பனையை விட்டார். 46 வயது, நெஞ்சில் பனை உரசின தழும்பு கடைசிவரை போகவில்லை. ரப்பரை ஒன்றுவிட்ட நாளில் வெட்டினால் போதும், மழைக்கு வெட்டே இல்லை. விடிகாலையில் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் போட்டால் உச்சிவேளைக்குள் வேலை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடைத்தது. ஆனாலும் அந்தப் பழைய பங்கை அவர் விடவில்லை. பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை விற்ற காசைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்து, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தேங்காயும் வாழைக்குலையும் விலைக்கு மேலே கேட்டு எடுப்பார். எடுத்ததை வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வீடு வருவார்.

நான் பார்த்த பாட்டா இந்த ரப்பர் காலத்துப் பாட்டாதான். 1980-களில் ராத்திரி ஏழரைக்கு எங்கள் வீட்டில் ஜெபம். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிம்னி விளக்கு ஒன்று பக்கத்தில் இருக்கும். முதலில் ஒரு கீர்த்தனை. பாட்டாவுக்குத் தாளம் நிற்கும், சுருதி நிற்காது. பிறகு வேதப்புஸ்தகத்திலிருந்து முறைப்படி ஒரு சங்கீதம். 150 முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. பிறகு எல்லாரும் முழங்காலில். அவருடைய ஜெபம் நீளம். அந்த நீளத்துக்குக் காரணம் பேர்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று மூத்ததிலிருந்து வரிசையாக ஒவ்வொருவர் பேரும் வரும். எல்லைக்கு அப்பால் தங்கை, அவள் பிள்ளைகள். பால்வெட்ட வருகிறவர், அவர் வீட்டார். அந்த வாரம் ஊரில் படுக்கையில் கிடந்தவர்கள். தம்பி பேர், தம்பி பிள்ளைகள் பேர். வழக்கு நடந்த நாலு வருஷத்தில் தம்பி பேர் வந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். வந்ததாம். பேரைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாராம், பிறகு அடுத்த பேருக்குப் போவாராம்.

வரிசையில் நம் பேர் எங்கே வரும் என்று பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும். அதுவரை விழித்திருந்துவிட்டு அதன் பிறகு தூங்கிவிடுவோம். புதிதாகப் பிறந்த குழந்தை கடைசியில் சேரும். செத்துப்போனவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. ஆகவே யாராவது இறந்துவிட்டால் அந்தப் பேரை வேண்டுதலிலிருந்து எடுத்து, நன்றி சொல்கிற ஸ்தோத்திரத்துக்கு மாற்றிவிடுவார். 2004-இல் பாட்டி இறந்த மறுநாள் ஜெபத்தில், பழக்கத்தில் அவள் பேரை வேண்டுதலில் சொல்லிவிட்டார். நிறுத்தினார். "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. என் அப்பாதான் ஆமென் சொல்லி முடித்தார்.

எல்லாவற்றிலும் அவர் சரியாக நடந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சினிமாக் கொட்டகைப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. சின்ன அத்தை கூட வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது, மாப்பிள்ளை ரோமன் கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல் சம்மதிக்கவில்லை. அந்த வருஷத்தில் அத்தை உடைந்து போயிருந்தாள். அது அநியாயம். கடைசியில் ஒத்துக்கொண்டார், மலரத் தலையாட்டவில்லை. சீதன விஷயத்தில் வேறு மாதிரி. மூன்று பெண்களுக்கும் நிலத்தை விற்றுக் கொடுத்தார், இரண்டு மகன்களுக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் விற்ற நிலத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஐந்து சென்டுக்குப் பெண்ணைப் பேரம் பேசுகிற ஊர் நடுவில், சபையின் முன் வரிசைக்காரர்களே கணக்காய் எண்ணி வாங்கின காலத்தில், இது லேசான காரியமில்லை. இன்னும் லேசாகவில்லை என்பதில் எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு.

கடைசி ஐந்தாறு வருஷம் கண் மங்கிவிட்டது. பெரிய எழுத்து வேதப்புஸ்தகமும் உதவவில்லை. சங்கீதங்கள் பாதிக்கு மேல் மனப்பாடம் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசிக்கிறவர் ஒரு சொல்லை விழுங்கினால் கட்டிலிலிருந்து திருத்தம் வரும். 2019-இல், நோய் என்று பேர் சொல்ல எதுவுமில்லாமல், இரண்டு நாள் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டு இறந்தார். அடக்கத்தில் தங்கை பிள்ளைகள் மலையாளத்தில் பாட, நாங்கள் அதே ராகத்தில் தமிழில் பாடினோம்.

வேதப்புஸ்தகத்தின் முதல் ஏட்டில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எல்லாம் கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டுமாக அவர் எழுதி வைத்திருக்கிறார். அப்பா அதைத் தொடர்கிறார், கொல்லம் ஆண்டை மட்டும் விட்டுவிட்டார். ஏழரை ஜெபமும் நடக்கிறது. எல்லாரும் ஊர் ஊராகப் போய்விட்டதால் சனிக்கிழமைகளில் மட்டும் வாட்ஸப்பில் சேர்ந்துகொள்கிறோம், பாறசாலைப் பக்கத்தாரும் சேர்ந்து. பேர் வரிசை இப்போது பாட்டா காலத்தைவிட நீளம். அந்த ராத்திரிகளில் சங்கீதம் வாசிப்பது சின்ன அத்தையின் வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்திலேயே திருத்தமான உச்சரிப்பு அவருக்குத்தான்.